ஒரு போட்டோவுக்கு எத்தனை பீஸ்? கைவேலை நகையை ஆன்லைனில் எங்கே விற்பது

டெரகோட்டா ஜிமிக்கி, பட்டு நூல் வளையல், குந்தன் கல் ஒட்டிய ஆரம், மணி கோத்த மாலை என்று வீட்டில் நகை செய்பவர்கள் முதலில் கேட்பது, "எந்தத் தளத்தில் கமிஷன் குறைவு?" என்பதைத்தான். அதைவிட முதலில் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. எடுத்த ஒரு போட்டோவை வைத்து அதே நகையை எத்தனை முறை விற்க முடியும்?

வாடிக்கையாளர் புடவையின் போட்டோவை அனுப்பி, அந்த நிறத்துக்கு நூல் சுற்றிக் கொடுக்கும் வளையல் என்றால் ஒரு போட்டோவுக்கு ஒரு பீஸ்தான். அச்சில் அழுத்தி, மாதம் 60 ஜோடி ஒரே மாதிரி செய்யக்கூடிய டெரகோட்டா தோடு என்றால் ஒரு போட்டோவுக்கு 60 பீஸ். முன்னதை மீஷோவிலோ அமேசானிலோ போட்டால், லிஸ்டிங் போடவே, அதாவது ஒவ்வொரு நகையையும் படம், விலையோடு தளத்தில் ஏற்றவே, நேரம் போய்விடும். பின்னதை வாட்ஸ்அப்பில் மட்டும் விற்றால், ஒரே கேள்விக்கு 60 முறை பதில் தட்ட வேண்டியிருக்கும். கமிஷன் விகிதமெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

அடக்க விலை தெரியாமல் ஒப்பிட முடியாது

கீழே வரும் எல்லாக் கணக்குக்கும் ஒரே ஜிமிக்கி செட்டை எடுத்துக்கொள்வோம். களிமண், பெயின்ட், கொக்கி, மணி எல்லாம் சேர்த்து 55 ரூபாய். டப்பா, பபிள் ரேப், லேபிள் 15 ரூபாய். ஒன்றரை மணி நேர வேலைக்கு, மணிக்கு 60 ரூபாய் வீதம் 90 ரூபாய். மொத்தம் 160. இவை எடுத்துக்காட்டுத் தொகைகள்; உங்கள் எண்களை இந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அந்த 90 ரூபாயை மட்டும் எடுத்துவிடாதீர்கள். "என் கைவேலைதானே" என்று கூலியை விட்டுவிட்டுப் போடும் கணக்கில் எந்தத் தளமும் லாபமாகத்தான் தெரியும்.

சூளையில் வெடிப்பதும் அடக்கத்தில் சேரும். முழுதும் காயாத மண்ணைச் சுட்டால் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி நகையைப் பிளந்துவிடும். 20 ஜோடி சுட்டு 2 ஜோடி போனால், மீதி 18-ன் தலையில்தான் அந்தச் செலவு விழும்.

வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம்: காசு கேட்காது, நேரம் கேட்கும்

ஆர்டரின் பேரில் செய்யும் நகைக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் பார்த்து வருகிறார்கள், வாட்ஸ்அப்பில் பேசி முடிக்கிறார்கள், யு.பி.ஐ.யில் பணம் போடுகிறார்கள். கமிஷன் கிடையாது. முன்பணம் வாங்கிய பிறகே வேலையைத் தொடங்குவதால் நகை செய்து மாட்டிக்கொள்ளும் ஆபத்தும் குறைவு.

வாட்ஸ்அப் பிசினஸ் கேட்லாக்கில் 500 பொருட்கள் வரை போடலாம். பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேரைச் சேர்க்கலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே அந்தச் செய்தி போய்ச் சேரும். பிராட்காஸ்ட் போட்டும் யாரும் பதில் சொல்லவில்லை என்று வருந்துபவர்களில் பலருக்கும் சிக்கல் இங்கேதான். பார்சலுக்குள் வைக்கும் சீட்டில் "எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள், புது டிசைன் வரும்போது தெரிவிக்கிறோம்" என்று ஒரு வரி அச்சடித்தால் போதும்.

விலையைப் போடாமல் "விலைக்கு டி.எம். செய்யவும்" என்று எழுதும் பழக்கத்தை விட்டுவிடலாம். கேட்கத் தயங்குபவர் அப்படியே நகர்ந்துவிடுவார். கேட்பவர்களில் பாதிப்பேர் விலை கேட்டதோடு சரி. அந்த அரட்டைக்கும் நேரச் செலவு உண்டு. ஓர் ஆர்டர் முடிய மொத்தம் அரை மணி நேரம் பேச்சு என்றால், மேலே சொன்ன கூலிக் கணக்கில் 30 ரூபாய். 350 ரூபாய் செட்டில் அது எட்டரை சதவீதம். அதுதான் "இலவச" தளத்தின் கமிஷன்.

பணம் வந்ததா என்பதை ஸ்கிரீன்ஷாட் பார்த்து முடிவு செய்யக் கூடாது. போலி ஸ்கிரீன்ஷாட் தயாரிக்க ஒரு நிமிடம் போதும். வங்கிக் கணக்கில் வரவு தெரிந்த பிறகே பார்சலை ஒட்டுங்கள்.

வளையல் விற்பவர்களுக்குப் பெரிய தலைவலி அளவு. 2.4 என்றால் 2.4 அங்குலம் என்று வாங்குபவர்கள் மட்டுமல்ல, புதிதாக விற்பவர்களும் நினைத்துக்கொள்கிறார்கள். புள்ளிக்குப் பிறகு வருவது 16-ல் ஒரு பங்கு. 2.4 என்றால் 2 அங்குலமும் பதினாறில் 4 பங்கும், அதாவது உள்விட்டம் 57 மில்லிமீட்டர். 2.6 என்றால் 60.3, 2.8 என்றால் 63.5, 2.10 என்றால் 66.7. இதில் 2.10 என்பது 2.8-ஐவிடப் பெரியது, இதைத் தெரியாமல் மாற்றி வாங்குபவர்கள் நிறைய. பட்டு நூல் வளையலில் உள்பக்கமும் நூல் சுற்றுவதால் விட்டம் குறையும். எனவே வெறும் வளையத்தின் அளவைச் சொல்லாமல், சுற்றி முடித்த பிறகு ஸ்கேல் வைத்து அளந்து மில்லிமீட்டரில் சொல்லுங்கள். "உங்களுக்குச் சரியாக இருக்கும் வளையலை ஸ்கேல் மேல் வைத்து ஒரு போட்டோ அனுப்புங்கள்" என்று கேட்டுவிட்டால் பாதித் தகராறு அங்கேயே தீர்ந்துவிடும். இப்படிக் கேட்டு வாங்குவது மீஷோவிலும் அமேசானிலும் எளிதல்ல.

ஜி.எஸ்.டி.: உங்கள் எல்லையை வரைவது இதுதான்

பலர் தளத்தைத் தேர்ந்தெடுத்த பிறகு இந்தப் பக்கம் வருகிறார்கள். முதலில் வர வேண்டியது இங்கே.

தமிழ்நாட்டில் பொருள் மட்டும் விற்பவருக்கு ஆண்டு விற்றுவரவு 40 லட்சம் தாண்டும்வரை ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை. புதுச்சேரியில் அந்த வரம்பு 20 லட்சம். ஆனால் வேறு மாநிலத்துக்கு விற்றால் இந்த வரம்பு பொதுவாகச் செல்லாது. முதல் ரூபாயிலிருந்தே பதிவு கேட்கும்.

இதில் இரண்டு விலக்குகள் இருக்கின்றன, இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். முதல் விலக்கு, 2023 அக்டோபர் 1 முதல் வந்தது. பதிவு இல்லாத சிறு விற்பனையாளரும் மீஷோ, அமேசான் போன்ற தளங்களில் விற்கலாம். பான் எண்ணைக் கொண்டு ஜி.எஸ்.டி. இணையதளத்தில் ஒரு என்ரோல்மென்ட் எண் வாங்கினால் போதும். நிபந்தனை ஒன்று: சொந்த மாநிலத்துக்குள் மட்டும்தான். கோவையிலிருந்து திருநெல்வேலிக்கு அனுப்பலாம், பெங்களூருக்குக் கூடாது. புதுச்சேரியில் இருப்பவருக்கு இது ஏறக்குறைய பயனில்லாத சலுகை. ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கும் கடலூரும் விழுப்புரமும் அவருக்கு வெளிமாநிலம்.

இரண்டாவது விலக்கு கைவினைப் பொருட்களுக்கானது. பெரும்பாலும் கையால் செய்த, பட்டியலில் இடம்பெற்ற கைவினைப் பொருளை, ஆண்டுக்கு 20 லட்சத்துக்குள் விற்பவர், பதிவு இல்லாமலே வெளிமாநிலத்துக்கு விற்கலாம். பான் எண் வேண்டும்; பார்சல் 300 ரூபாய்தான் என்றாலும் இ-வே பில் (சரக்கு அனுப்புவதற்கான மின்னணுச் சீட்டு) போட வேண்டும். ஆனால் இந்தச் சலுகை நீங்களே நேரடியாக விற்பதற்குத்தான். தளங்களின் வழியே வெளிமாநிலத்துக்கு விற்க இது உதவாது. வாட்ஸ்அப்பிலோ சொந்த வெப்சைட்டிலோ விற்பவருக்கு மட்டுமே இது வழி. கடையில் வாங்கிய மணிகளையும் டாலரையும் கோத்து மட்டும் விற்றால் அது கைவினையில் சேருமா என்பது விவாதத்துக்குரியது. ஆடிட்டரிடம் கேட்டு எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பதிவு எடுத்துவிட்டால் கவரிங், இமிடேஷன் வகை நகைக்கு 3 சதவீத வரி. வரியைவிட ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கல்தான் சுமை. ஒரு ரூபாய்கூட விற்காத காலத்துக்கும் தாக்கல் செய்தாக வேண்டும். தவறினால் ஒரு நாளைக்கு 20 ரூபாய் வீதம், ஒரு தாக்கலுக்கு 500 ரூபாய் வரை தாமதக் கட்டணம் ஏறும். சுலபம் என்று காம்போசிஷன் திட்டத்துக்கு (விற்றுவரவில் ஒரு சிறு சதவீதத்தை வரியாகக் கட்டும் திட்டம்) போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அதில் வெளிமாநில விற்பனைக்கு இடமில்லை.

மீஷோ, அமேசான்: கமிஷன் அல்ல, ரிட்டர்ன்

மீஷோ 2021 முதல் விற்பனையாளரிடம் கமிஷன் வாங்குவதில்லை. அமேசான் 2025 ஏப்ரலில் 300 ரூபாய்க்குக் குறைந்த பொருட்களுக்குப் பல பிரிவுகளில் ரெஃபரல் ஃபீயை, அதாவது விற்பனைக் கமிஷனை, நீக்கியது. அதற்காகக் கழிவே இல்லை என்று ஆகிவிடாது. குளோசிங் ஃபீ (ஒவ்வொரு விற்பனைக்கும் பிடிக்கும் கட்டணம்), எடைக் கட்டணம், அவற்றின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. என்று வேறு கழிவுகள் பில்லில் இருக்கும். அமேசானின் கட்டணக் கணக்குப் பக்கத்தில் உங்கள் விலை, எடை, டப்பா அளவைப் போட்டுப் பார்க்காமல் விலையை நிர்ணயிக்காதீர்கள்.

நகையில் உண்மையான செலவு வாடிக்கையாளர் திருப்பி அனுப்புவதில் இருக்கிறது. நம் ஜிமிக்கி செட்டையே எடுத்துக்கொள்வோம். எல்லாக் கழிவும் போகக் கைக்கு 300 ரூபாய் வருகிறது. 10 விற்றதில் 1 திரும்புகிறது. திரும்பி வர 150 ரூபாய் கூரியர் செலவு உங்கள் தலையில். வந்த நகை ஓரம் உடைந்திருக்கிறது, மறுபடி விற்க முடியாது, 160 ரூபாய் போச்சு. ஆக ஒரு ரிட்டர்னுக்கு 310 ரூபாய். மீதி 9 ஜோடியில் தலா 140 என்று 1260 ரூபாய். அதில் 310 போனால் 950. அனுப்பிய 10 ஜோடிக்கும் பங்கிட்டால் ஜோடிக்கு 95 ரூபாய் நிற்கிறது. பரவாயில்லை.

அதே செட்டை, பக்கத்து லிஸ்டிங் மலிவாக இருக்கிறதே என்று விலையைக் குறைத்து, கைக்கு 200 வருமாறு விற்றால்? 9 ஜோடியில் தலா 40, மொத்தம் 360. அதில் 310 போக 50 ரூபாய். ஜோடிக்கு 5 ரூபாய். இன்னொரு ஜோடி திரும்பினால் நஷ்டம். மெஷினில் அடித்த நகையோடு விலையில் போட்டியிடும் கைவேலைக்காரர் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார். 160 ரூபாய் அடக்கத்துக்கு 300 கைக்கு வராத லிஸ்டிங்கை எடுத்துவிடுவதே மேல்.

ரிட்டர்னைக் குறைக்க வழி இருக்கிறது. தோட்டின் உயரத்தையும் ஒரு தோட்டின் எடையையும் இரண்டாவது படத்திலேயே எழுதிவிடுங்கள். போட்டோவில் தோடு எப்போதும் பெரிதாகவே தெரியும். அமேசானில் முதல் படம் வெள்ளைப் பின்னணியில், நகை படத்தின் 85 சதவீதத்தை நிரப்புவதாக இருக்க வேண்டும் என்பது விதி. எனவே காதில் மாட்டிய படத்தை அடுத்ததாக வையுங்கள். நிறத்துக்குக் காலை 9 மணி வாக்கில் ஜன்னல் ஓர நிழலில் எடுப்பது நல்லது. எல்.இ.டி. வெளிச்சத்தில் மெரூன் சிவப்பாகவும், மயில் பச்சை நீலமாகவும் மாறித் தெரியலாம்.

பேக் செய்வதை டப்பா, நகை, லேபிள் மூன்றும் தெரிகிறபடி ஒரே ஷாட்டில் வீடியோ எடுங்கள். வேறு நகையை வைத்துத் திருப்பி அனுப்பும் ஆட்களும் உண்டு. கிளெய்ம் போடும்போது அந்த வீடியோவும் பார்சலைப் பிரிக்கும் வீடியோவும்தான் ஆதாரம். பார்கோடு இல்லாத கைவேலைப் பொருளுக்கு அமேசானில் முதலில் ஜி.டி.ஐ.என். (பார்கோடுக்கு உரிய பொருள் எண்) விலக்குக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். இதைச் செய்யாமல் லிஸ்டிங் ஏறவில்லை என்று வாரக்கணக்கில் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

ஒரே மாதிரி 50 பீஸ் இருக்கும் டிசைனை மட்டும் இங்கே ஏற்றுங்கள். ஒற்றைப் பீஸ் நகைகளுக்கு இது இடமே இல்லை.

பார்சல் பற்றி ஒரு குறுக்குப் பேச்சு

எங்கே விற்றாலும் டெரகோட்டாவுக்கு ஒரே பயம், உடைவது. சரியாக வெந்த மண் நகையை நகத்தால் தட்டினால் கணீரென்று ஒலிக்கும். டப்பென்று மந்தமாகக் கேட்டால் வேக்காடு போதவில்லை. எவ்வளவு பொதிந்தாலும் அது தாங்காது. ஜிமிக்கி இரண்டையும் ஒரே உறையில் போடக் கூடாது, விளிம்பும் விளிம்பும் இடித்துக்கொள்ளும். தனித்தனியே சுற்றி, குலுக்கினால் சத்தம் வராத அளவுக்கு டப்பாவை நிரப்புங்கள். பிறகு இடுப்பு உயரத்திலிருந்து மூலை கீழே படும்படி மூன்று முறை போட்டுப் பாருங்கள். அதில் உடையாததை அனுப்பலாம்.

டப்பா பெரிதானால் காசும் ஏறும். கூரியர்கள் நிஜ எடையையும் பரும எடையையும் ஒப்பிட்டு, எது அதிகமோ அதற்குப் பணம் வாங்குவார்கள். நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்தால் பரும எடை கிலோவில் வரும். 22, 16, 7 சென்டிமீட்டர் டப்பா 0.49 கிலோ. ஆரம் அழகாக இருக்கட்டும் என்று 25, 20, 8 அளவுக்கு மாறினால் 0.8 கிலோ. அரை கிலோ படிநிலையில் கட்டணம் என்றால், உள்ளே 120 கிராம் நகைதான் இருந்தாலும் இரண்டு படிக்குப் பணம் கட்டுவீர்கள்.

சொந்த வெப்சைட் எப்போது?

பலர் நினைப்பதைவிடத் தாமதமாக. சொந்தக் கடை வெப்சைட் அமைத்துத் தரும் ஷாப்பிஃபை போன்ற தளத்தில் அடிப்படைத் திட்டம் மாதம் சுமார் 2000 ரூபாய் என்று வைப்போம். ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் ரேசர்பே போன்ற கேட்வே 2 சதவீதமும் அதன் மேல் ஜி.எஸ்.டி.யும், ஆக 2.36 வாங்கும். ஷாப்பிஃபையின் சொந்தப் பேமென்ட் வசதி இந்தியாவில் இல்லாததால், அடிப்படைத் திட்டத்தில் ஷாப்பிஃபை தனக்கென்று இன்னொரு 2 சதவீதம் எடுக்கும். 350 ரூபாய் நகை, 60 ரூபாய் ஷிப்பிங், மொத்தம் 410-க்கு 18 ரூபாய் போகும்.

வாட்ஸ்அப் பேச்சில் போகும் 30 ரூபாயை மிச்சப்படுத்தத்தான் வெப்சைட். 30-ல் 18 போனால் ஆர்டருக்கு 12 ரூபாய் மிச்சம். மாதக் கட்டணம் 2000 ஈடாக வேண்டுமென்றால் 165 ஆர்டருக்கு மேல் வர வேண்டும். அந்த 2 சதவீதக் கூடுதல் கட்டணம் இல்லாத தளமாக இருந்தால் சுமார் 100 ஆர்டர். அதுவும் வெப்சைட் போட்ட பிறகு யாரும் வாட்ஸ்அப்பில் சந்தேகம் கேட்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் போட்ட கணக்கு.

கேஷ் ஆன் டெலிவரி வைத்தால் ஆர்டர் கூடும், வாங்க மறுப்பதும் கூடும். போன செலவும் திரும்பிய செலவும் உங்களுடையது. 100 ரூபாய் முன்பணம், மீதியை வாசலில் என்று வைப்பது நடுவழி.

எட்ஸி: நல்ல விலை, கூடவே நீண்ட காகித வேலை

கைவேலைப் பொருட்களுக்கான அமெரிக்கத் தளம் எட்ஸி; ஒற்றைப் பீஸுக்கும் நல்ல விலை கிடைக்கும் பெரிய தளம் இது. ஒரு லிஸ்டிங்குக்கு 0.20 டாலர், 4 மாதம் நிற்கும். விற்றால் ஷிப்பிங்கையும் சேர்த்த தொகையில் 6.5 சதவீதம். எட்ஸி வெளியே செய்யும் விளம்பரத்தைத் தொட்டு வந்தவர் வாங்கினால் இன்னொரு 15 சதவீதம். ஆண்டுக்கு 10,000 டாலருக்குக் கீழ் விற்கும் கடை இதிலிருந்து விலகிக்கொள்ளலாம். இந்த செட்டிங்கைக் கடை திறந்த அன்றே பார்த்துவிடுங்கள். 24 டாலருக்கு விற்ற நகையில் லிஸ்டிங்கும் பரிவர்த்தனையும் 1.76 டாலர், விளம்பரம் சேர்ந்தால் 5.36. பணம் கைமாறும் செலவும் டாலரை ரூபாயாக்கும் செலவும் தனி.

ஏற்றுமதிக்கு ஐ.இ.சி. எண் (ஏற்றுமதி இறக்குமதிக் குறியீடு) வேண்டும். ஆன்லைனிலேயே 500 ரூபாய் கட்டி வாங்கலாம். மாற்றம் எதுவும் இல்லை என்றாலும் ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் விவரத்தை உறுதிப்படுத்த வேண்டும், இல்லையென்றால் முடங்கிவிடும். அஞ்சலில் அனுப்ப, தலைமை அஞ்சலகங்கள் பலவற்றில் உள்ள டாக் கர் நிர்யாத் கேந்திராக்களில் (அஞ்சலக ஏற்றுமதி மையங்கள்) சுங்க வேலையும் சேர்த்தே முடியும்.

அமெரிக்காவுக்கு 800 டாலருக்குட்பட்ட பார்சல்களுக்கு இருந்த வரிவிலக்கு 2025 ஆகஸ்ட் 29-இல் முடிந்தது. அதையொட்டி நிறுத்தப்பட்ட அஞ்சல் சேவை அக்டோபர் 15-இல் மீண்டும் தொடங்கியது, இப்போது சுங்க வரியை இங்கேயே கட்டி அனுப்ப வேண்டும். வரி விகிதம் மாறிக்கொண்டே இருப்பதால், விலை போடும் அன்றைய விகிதத்தைப் பார்த்துப் போடுங்கள். "வரி வாங்குபவருடையது" என்று விட்டால் பார்சல் திரும்பி வரும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு விற்க, 2024 டிசம்பர் 13 முதல் பொருளின் பாதுகாப்புக்கு அங்கேயே பொறுப்பாளர் ஒருவர் இருக்க வேண்டும். தொடக்கத்தில் அந்த நாடுகளை ஷிப்பிங் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவதே சுலபம்.

காதில் நுழையும் கம்பியிலிருந்து நிக்கல் கசிந்தால் சிலருக்கு அரிப்பு வரும், ஒரே ஒரு நட்சத்திரத்தோடு விமர்சனமும் வரும். சவுக்கார்பேட்டையில் கிலோ கணக்கில் மலிவாகக் கிடைக்கும் கொக்கியை ஏற்றுமதி நகையில் மாட்டாதீர்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கொக்கி ஜோடிக்குச் சில ரூபாய்தான் கூடும். உள்ளூருக்கும் அதையே போடலாம்.

அரசு வழிகளையும் ஒரு பார்வை பார்க்கலாம். கைவினைஞருக்கான பெஹ்சான் அட்டை இருந்தால் மத்திய ஜவுளி அமைச்சகத்தின் இந்தியா ஹேண்ட்மேட் தளத்தில் கமிஷன் இல்லாமல் விற்க முடியும். விற்பனை வேகத்தை எதிர்பார்க்காமல், செலவில்லாத இன்னொரு கதவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு இடத்தில் விற்கும்போது

புடவை நிறத்துக்கு நூல் வளையல் செய்பவர் வாட்ஸ்அப்பை விட்டு நகர வேண்டியதில்லை. வெளிமாநில ஆர்டர் பெருகினால் ஜி.எஸ்.டி. மட்டும் யோசிக்கலாம். அச்சு டெரகோட்டா செய்பவர் 4 டிசைனை மட்டும் மீஷோவில் தமிழ்நாட்டுக்குள் 3 மாதம் விற்று, ரிட்டர்ன் விகிதத்தைக் குறித்துக்கொண்டு, பிறகு பதிவு எடுக்கலாம். ஒரு நகைக்கு இரண்டு நாள் உட்காருபவருக்கு எட்ஸி.

இரண்டு தளங்களில் ஒரே ஸ்டாக்கைக் காட்டினால், கடைசிப் பீஸ் இரண்டு பேருக்கு விற்றுப்போகும். மீஷோ, அமேசான் போன்ற மார்க்கெட்பிளேஸில் ஆர்டரை நீங்களே ரத்து செய்தால் கடையின் மதிப்பெண் இறங்கும், அபராதமும் விழலாம். 12 ஜோடி கையில் இருந்தால் அங்கே 8 என்று காட்டுங்கள். மீதி 4 வாட்ஸ்அப்புக்கு. நவராத்திரிக்கும் தீபாவளிக்கும் நடுவில் இந்த எண்ணிக்கையைத் தினமும் இரவு ஒரு முறை சரிபார்க்க வேண்டியிருக்கும்.